மனசு தயாரா? - டெட்மேன் ஹேண்டில் முதல் கைக்கடிகாரம் வரை

கல்யாண் ஸ்டேஷனில் காலை ஃபாஸ்ட் லோக்கலுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்பெல்லாம் கையில் மடித்த பேப்பர் இருக்கும், இல்லை சீட்டுக்கட்டு இருக்கும். இப்போது பல பேர் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை. வண்டியில் ஏறி, நாலாவது சீட்டில் பாதி உடம்பைச் செருகி உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை அதைத் தட்டிப் பார்ப்பது. எவ்வளவு நேரம் தூங்கினோம், இதயம் எப்படி அடித்தது, இன்றைக்கு நாம் எவ்வளவு 'தயார்' என்று அது நூற்றுக்கு ஒரு மார்க் போட்டு வைத்திருக்கும். எண்பது என்றால் முகத்தில் ஒரு தெளிவு. நாற்பது என்றால் 'அதான் பார்த்தேன்' என்று ஒரு பெருமூச்சு.

நம் வீடுகளில் இது சாதாரணமாகிவிட்டது. ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவர் கட்டியிருக்கிறார். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஒன்று வாங்கி அனுப்புகிறோம். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை கையிலும் ஒன்று கட்டிவிட்டு, 'நேத்து சரியா தூங்கலையே' என்று காலையிலேயே விசாரணை வைக்கிறோம்.

உடம்பை அளப்பது சரி. மனசு தயாராக இருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து ஒரு கருவி சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி புதுசு மாதிரித் தெரியும். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. அதைக் கேட்க ரொம்பப் பொருத்தமான ஊர்களில் நம் கல்யாணும் ஒன்று. ஏன் என்று சொல்கிறேன்.

ரயில் ஊரில் ஒரு கேள்வி

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷமே, 1854 மே 1 அன்று, அந்தப் பாதை கல்யாணைத் தொட்டது. இங்கிருந்து ஒரு கிளை கசாரா பக்கம், இன்னொன்று கர்ஜத் பக்கம். அன்றிலிருந்து இது ரயில்காரர்கள் ஊர். தென்னாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் முதலில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று தங்கினாலும், வாடகை ஏற ஏறப் பல குடும்பங்கள் டோம்பிவிலி, கல்யாண் என்று தள்ளித் தள்ளி வந்து சேர்ந்தன. அப்படி வந்தவர்களின் வாழ்க்கை முழுக்க ரயில் நேரத்தில்தான் ஓடுகிறது.

1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது மின்சாரத்தை அல்ல, ஆளை. நீராவி இஞ்சினில் ஓட்டுநரோடு கரி அள்ளிப் போடுகிறவரும் நிற்பார். ஒருவர் கண் அசந்தால் இன்னொருவர் தட்டி எழுப்பலாம். மின்சார வண்டிக்குக் கரி வேண்டாம், அதனால் இரண்டாவது ஆளும் வேண்டாம். இன்றைக்கும் மும்பை லோக்கலின் முன் கேபினில் மோட்டார்மேன் தனியாள். கார்டு (2022-லிருந்து அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்) கடைசிப் பெட்டியில் இருப்பார். நடுவில் ஆயிரக்கணக்கான சனம்.

அந்தத் தனி ஆளுக்கு மயக்கம் வந்தால்? மாரடைப்பு வந்தால்? உலகம் முழுக்க மின்சார வண்டிகளோடு சேர்ந்து இந்தக் கவலையும் பரவியது. அதற்குக் கண்டுபிடித்த பதில்தான் 'டெட்மேன் ஹேண்டில்'. பெயரே கொஞ்சம் கலவரமாகத்தான் இருக்கும். நம் லோக்கலிலும் உண்டு. வண்டி ஓடும்போது மோட்டார்மேன் அந்தக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கை தளர்ந்து பிடி விட்டால் மின்சாரம் நின்று அவசர பிரேக் விழும்.

யோசித்துப் பார்த்தால், மனிதன் விழித்திருக்கிறானா என்று அவன் உடம்பைத் தொட்டே ஒவ்வொரு நொடியும் கேட்கிற ஆரம்ப காலக் கருவிகளில் இது ஒன்று. கையில் கட்டுகிற கருவி இல்லை, கை பிடிக்கிற கருவி. ஆனால் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் இப்போது தயாரா?

இதன் குறையும் அங்கேயே தெரிந்துவிடும். செத்தவனை இது கண்டுபிடிக்கும். கண் திறந்தபடி மனசு எங்கேயோ போய்விட்டவனைக் கண்டுபிடிக்காது. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஒரு புறநகர் ரயில், மணிக்கு சுமார் 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் சுமார் 132 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் தூக்கத்தில் ஆழ்ந்திருந்தார் என்பது விசாரணையின் முடிவு. அவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருந்தது, அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வாரம் முன்புதான் அவர் வேலை நேரமும் மதியத்திலிருந்து அதிகாலைக்கு மாறியிருந்தது. அந்த கேபினிலும் காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய டெட்மேன் பெடல் இருக்கத்தான் செய்தது.

களைப்பை அளக்கப் போனவர்கள்

ரயில் கம்பெனிகள் கைப்பிடியோடு நின்றன. விஞ்ஞானிகள் இன்னும் உள்ளே போகப் பார்த்தார்கள்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோஸோ என்று ஒரு உடலியல் பேராசிரியர். கையைக் கட்டிவைத்து, ஒரே விரலால் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்து, அது எப்படிச் சோர்கிறது என்று காகிதத்தில் கோடாக வரையும் கருவி ஒன்றைச் செய்தார். 1891-ல் களைப்பைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் கண்டதில் சுவாரசியமான விஷயம், வாத்தியார்களின் விரல். நாள் பூராவும் மாணவர்களை வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டு வந்த ஒருவரின் விரல், அன்று ஒரு எடையும் தூக்காமலே, சீக்கிரம் சோர்ந்தது. மூளைக் களைப்பு உடம்பில் தெரியும் என்றார் மோஸோ. இன்றைய கைப்பட்டை நிற்கிற அஸ்திவாரம் இதுதான். மனசை நேராக அளக்க முடியாது. ஆனால் அதன் நிழல் உடம்பில் விழும், அதை அளக்கலாம்.

அடுத்து ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க். ஜெர்மனியிலிருந்து ஹார்வர்டுக்குப் போன உளவியலாளர். பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களுக்கு ஒரு சோதனை வடிவமைத்து, 1913-ல் வந்த தன் புத்தகத்தில் விவரித்தார். தண்டவாளம் வரைந்த அட்டை நகர்ந்துகொண்டே வரும். அதில் சிவப்பிலும் கறுப்பிலும் எண்கள். ஒரு எண் நடந்து போகிற ஆள், இன்னொன்று குதிரை, இன்னொன்று மோட்டார் கார். எது தண்டவாளத்தைக் கடக்கப் போகிறது என்று உடனே சொல்ல வேண்டும். விபத்து நடப்பதற்கு முன்பே, யாரால் நடக்கும் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது நம்பிக்கை.

இந்த வழியில் நம் ரயில்வேயும் போனது. லக்னோவில் 1957-ல் அமைந்த ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் உளவியல் பிரிவு வடிவமைக்கும் தேர்வைத் தாண்டித்தான் இன்று ஒருவர் அசிஸ்டென்ட் லோகோ பைலட் ஆக முடியும். ஞாபக சக்தி, சொன்ன வழியைப் பின்பற்றுவது, தூரத்தைக் கணிப்பது, கவனம், பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் வேகம் என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். நம்மூர்ப் பையன்கள் 'சைக்கோ டெஸ்ட்' என்று சொல்லிப் பயப்படுவது இதைத்தான்.

ஆனால் சேரும் நாளில் கூர்மையாக இருந்தவர், பத்து வருஷம் கழித்து ராத்திரி மூன்று மணிக்கு எப்படி இருப்பார்? அதற்கும் ஒருவர் பதில் தேடினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ராடார்காரர்கள் திரையைப் பார்த்தபடியே எதிரியைத் தவறவிட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்பவர் அவர்களை ஒரு கடிகாரத்தின் முன் உட்கார வைத்தார். முள் ஒவ்வொரு துள்ளாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல். அதைக் கண்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேர வேலை. முதல் அரை மணியிலேயே கவனம் இறங்க ஆரம்பித்துவிட்டது. முடிவுகள் 1948-ல் வெளிவந்தன. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, பயிற்சி பெற்ற வீரர்கள். அந்த மாதிரி வேலையில் யாரை உட்கார வைத்தாலும் அப்படித்தான்.

இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம் இது என்பேன். மோஸோவும் மூன்ஸ்டர்பெர்க்கும் ஆளை அளந்தார்கள். மாக்வொர்த் ஆளை அளக்கப் போய் வேலையை அளந்துவிட்டு வந்தார்.

வேலையை அளந்த சட்டம்

வேலையை அளப்பதில் நம் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. ரயில்வே ஊழியர்களின் வேலை நேரம் பற்றிய பிரச்சனையைத் தீர்க்க பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ராஜாத்யக்ஷாவை நியமித்தார்கள். 1947-ல் அவர் தீர்ப்பு வந்தது. வேலைகளை அவர் வகை பிரித்தார். தீவிரமான வேலைக்கு வாரம் 45 மணி, தொடர் வேலைக்கு 54, இடையிடையே ஓய்வு கிடைக்கும் வேலைக்கு 75.

இதில் 'தீவிரம்' என்பதற்கு ரயில்வே சட்டம் இன்றும் சொல்கிற விளக்கத்தைப் பாருங்கள். கடினமான உடல் உழைப்பு மட்டும் இல்லை. மூச்சு விட நேரமில்லாமல் தொடர்ந்து மனதை ஒருமுகப்படுத்த வேண்டிய வேலையும் தீவிரம்தான். ஒரு வேலை எந்த வகை என்று எப்படி முடிவு செய்வது? வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் சும்மா என்று மணிக்கணக்காகக் குறிப்பெடுப்பார். கருவி என்று பார்த்தால் ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு பென்சில். அந்தக் குறிப்பு 'இந்த ஆள் சரியில்லை' என்று சொல்லாது. 'இந்த வேலைக்கு இவ்வளவு மணி நேரம் போதும்' என்று சொல்லும்.

ஓட்டுநர்களின் நேரப் போராட்டம் அதோடு முடியவில்லை. 1973-ல் லோகோ ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து பத்து மணி நேர டியூட்டி என்ற வாக்குறுதியை வாங்கினார்கள். மறுவருஷம் மே மாதம் நடந்த மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதிலும் வேலை நேரம் ஒரு முக்கியப் பேச்சு. ஐம்பது வருஷம் கழித்து, 2024 ஜூன் 1 முதல் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் மறுபடி கிளம்பினார்கள். கேட்டது இரண்டு முக்கிய விஷயம். வாரத்துக்கு 46 மணி நேரத் தொடர் ஓய்வு. இரண்டு இரவுக்கு மேல் தொடர்ச்சியாக இரவு டியூட்டி வேண்டாம்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், கருவிப் பக்கம் என்ன நடந்தது? மின்சார இஞ்சின்களில் 'விஜிலன்ஸ்' கருவி வந்தது. ஓட்டுநர் ஒரு நிமிடம் எந்த இயக்கமும் செய்யாவிட்டால் விளக்கு மினுக்கும், பிறகு சத்தம் போடும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் பிடித்துவிடும். காலால் பெடலை மிதித்தால் 'நான் இருக்கேன்' என்று பொருள். இந்த மாதிரிக் கருவிகளில் உலகம் முழுக்கக் கண்ட பிரச்சனை, அரைத் தூக்கத்திலும் கால் தானாக மிதிக்கப் பழகிவிடும் என்பது. தூளியை ஆட்டிக்கொண்டே தூங்கிவிடும் அம்மாவைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதே கதைதான்.

2023-ல் இன்னொரு செய்தி. வடகிழக்கு எல்லை ரயில்வே, ஓட்டுநரின் கண் சிமிட்டலைப் பார்த்துத் தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்குவதாக. ஓட்டுநர்கள் தரப்பிலிருந்து வந்த பதில் சுருக்கமானது: எங்களை எழுப்ப ஏற்கெனவே கருவி இருக்கிறது, முதலில் எங்கள் வேலை நேரத்தைப் பாருங்கள்.

மணிக்கட்டுக்கு வந்த கதை

இனி நம் கைப்பட்டைக்கு வருவோம். அதன் அடிப்பக்கத்தில் மினுக்கும் பச்சை விளக்கு இருக்கிறதே, அந்தத் தத்துவத்துக்குத் தாத்தா 1930களில் அமெரிக்காவில் ஆய்வு செய்த ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன். தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப அந்த ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணினால் நாடி.

படுத்திருக்கும் நோயாளியை அளப்பது சுலபம். நடமாடுகிறவரை? 1940களின் இறுதியில் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் இதய மின்னலையை ரேடியோவில் அனுப்பும் கருவி செய்தார். எடை சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டை மாதிரிச் சுமக்க வேண்டும். சுருங்கிச் சுருங்கி, இன்று கார்டியாலஜி டாக்டர் 24 மணி நேரம் மாட்டிவிடும் 'ஹோல்டர்' ஆனது. பிறகு பின்லாந்து. 1977-ல் தொடங்கிய போலார் கம்பெனி 1982-ல் மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்கு இதயத் துடிப்பை அனுப்பியது. அது பிறந்தது ஓலு என்ற ஊர்ப் பக்கம். தயார்நிலைக்கு மார்க் போடுகிற ஔரா மோதிரமும் 2015-ல் அதே ஊரிலிருந்துதான் வந்தது. அதே ஆண்டு ஆப்பிள் வாட்ச். 2018-ல் கார்மின் 'பாடி பேட்டரி' என்று ஒன்றை விட்டது, 2021-ல் ஃபிட்பிட்டும் தினசரி மார்க் போட ஆரம்பித்தது.

இவை பெரும்பாலும் எதை வைத்து மார்க் போடுகின்றன? தூக்க நேரம், ராத்திரி நாடி, முந்தின நாள் உழைப்பு. இவற்றோடு முக்கியமாக இதயத் துடிப்பு மாறுபாடு. நல்ல இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். இதை நடத்துவது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. உடம்பு இளைப்பாறி இருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகம். கவலை, காய்ச்சல், மது, தூக்கக் குறைவு என்றால் குறையும். ஆக, அளக்கிற விஷயம் உண்மையானது. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: கவலையும் காய்ச்சலும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. எதனால் குறைந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. மனசு அதற்குத் தெரியவே தெரியாது. மோஸோவின் விரலைப் போலத்தான், நிழல்.

அப்படியானால் நாமே சொல்லிக்கொள்ளலாமா?

'என் மனசு எனக்குத் தெரியாதா, இதுக்கு ஒரு மெஷின் வேணுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் ஆய்வு இருக்கிறது. பதில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

2016-ல் விளையாட்டு வீரர்களைப் பற்றிய 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியின் பாரத்தை இதயத் துடிப்பு, ரத்தப் பரிசோதனை போன்றவற்றை விட, வீரர் தானே 'இன்று எப்படி இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தது நன்றாகக் காட்டியது. நமக்கு ஒரு புள்ளி.

ஆனால் 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 பேரை வைத்துச் செய்த ஆய்வு வேறு மாதிரி. தினம் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவோ இரண்டு வாரம் தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தது. பயமுறுத்துவது அது இல்லை. அவர்களைக் கேட்டால் 'கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கு' என்றார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. சரிகிறது என்ற உணர்வு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பழகிப்போச்சு என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தின் நிஜ அர்த்தம் இதுதான்.

கல்யாண் குடும்பங்களுக்கு இது நேராக வந்து தைக்கும். ராத்திரி பத்தரைக்கு வீடு, பதினொன்றரைக்குப் படுக்கை, காலை ஐந்துக்கு எழுந்திருத்தல். வருஷக்கணக்காக. 'எனக்கு ஐந்தரை மணி நேரம் போதும்' என்று பெருமையாகச் சொல்பவரின் சாட்சி இந்த ஒரு விஷயத்தில் செல்லாது. இங்கே தூக்க நேரத்தை எண்ணிக் காட்டும் ஒரு பட்டைக்கு நிச்சயம் வேலை இருக்கிறது.

இதில் இன்னொரு கிளைக்கதை. 2014-ல் கொலராடோவில் சிலரிடம் 'உங்கள் தூக்கத்தின் தரம் அருமை' என்றும், சிலரிடம் 'மோசம்' என்றும் கருவி காட்டியதாகப் பொய் சொன்னார்கள். அருமை என்று கேட்டவர்கள் கவனத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். மோசம் என்று கேட்டவர்கள் சறுக்கினார்கள். அதாவது எண் வெறும் அளவுகோல் இல்லை, அதுவே மருந்தாகவும் விஷமாகவும் வேலை செய்கிறது. தேர்வு நாள் காலையில் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து 'ஐயோ, 41 தான் இருக்கு' என்று சொல்லும் பெற்றோர் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும் :-)

எண் யார் கைக்குப் போகிறது?

2005 ஏப்ரல் 25, ஜப்பானில் அமாகசாகி. 23 வயது ஓட்டுநர். முந்தின ஸ்டேஷனில் வண்டியை நிறுத்த வேண்டிய இடம் தாண்டி நிறுத்திவிட்டார். வண்டி ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகமாகத் தாமதம். அந்த நிறுவனத்தில் தாமதித்த ஓட்டுநர்களுக்கு 'மறுபயிற்சி' என்ற பெயரில் நாள்கணக்கில் அவமானப்படுத்தும் தண்டனை வழக்கம். அவர் ஏற்கெனவே அதை அனுபவித்தவர். கார்டு கட்டுப்பாட்டு அறைக்கு என்ன சொல்கிறார் என்று ரேடியோவில் காதை வைத்திருந்தவர், 70 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 116-ல் போனார். அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தூங்கவில்லை. கைப்பட்டை கட்டியிருந்தால் நாடி எகிறியதைக் காட்டியிருக்கும். அந்த எண்ணும் அவரைத் தண்டிக்கிறவர்களிடமே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம். சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் பார்ப்பார். 2020 வாக்கில் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். ராஜாத்யக்ஷா காலத்துப் பென்சில் வேலையை அளந்தது. இந்தக் கடிகாரம் ஆளை மட்டும் அளந்தது. முன்னதில் ஓய்வு நேரம் வந்தது. பின்னதில் சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் வந்தது.

ஐடிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஊழியர் நலம், இன்சூரன்ஸ் சலுகை என்று கடிகாரம் நம் வீட்டுக்கும் வருகிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை தொடர்பான காரணங்களுக்காக நிறுவனம் சில தகவல்களைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த ஒரு வழி விட்டிருக்கிறார்கள். இலவசக் கடிகாரத்தைக் கட்டும் முன், தூக்கக் கணக்கு யார் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்தால்

இத்தனை வருஷக் கதையில் நான் எடுத்துக்கொண்டது இதுதான். கருவி பொய் இல்லை. ஆனால் அது சொல்லும் எண்ணைப் பார்த்து வேலையை மாற்றுவதற்கு ஆள் இருந்தால்தான் பிரயோஜனம். ஓட்டுநருக்கு அது டியூட்டி சார்ட். நமக்கு வீட்டுக் கால அட்டவணை.

வீட்டிலும் ஒரு டியூட்டி சார்ட் இருக்கிறது, சுவரில் மாட்டாதது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளைக்கு சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம். 5.40 லோக்கலுக்கு டப்பா கட்ட 4.15-க்கு எழுகிறவர் யார்? ராத்திரி அடுக்களையைக் கழுவிவிட்டுக் கடைசியாகப் படுப்பவர் யார்? பல வீடுகளில் பட்டை கட்டியிருப்பவர் ஒருவர், தூக்கம் குறைந்திருப்பவர் இன்னொருவர். அந்தப் பட்டையை ஒரு வாரம் அவர் கையில் கட்டிப் பாருங்கள். எண்ணைப் பார்த்து அனுதாபப்பட வேண்டாம். மாவு அரைப்பதையோ, காலை டப்பாவையோ, பாத்திரத்தையோ ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். காலையில் கடிகாரத்தைத் தட்டும் முன்னால், தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிற நேரத்தில், அதன் பின்னால் 'இன்று பத்துக்கு எத்தனை' என்று நீங்களே ஒரு மார்க் எழுதுங்கள். பிறகு கடிகாரம் சொல்வதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் முப்பது தாள் சேரும். இரண்டும் ஒத்துப் போனால் கடிகாரத்தைத் தினம் பார்க்கத் தேவையே இல்லை. நீங்கள் எட்டு என்று எழுத, அது தொடர்ந்து ஐந்தரை மணி நேரத் தூக்கத்தைக் காட்டினால், பென்சில்வேனியாவின் அந்த 48 பேரை நினைத்துக்கொண்டு அரை மணி முன்னால் படுங்கள். கடிகாரம் 80 காட்டியும் நீங்கள் வாரக்கணக்கில் மூன்று, நான்கு என்றே எழுதினால், அது கடிகாரத்துக்கு எட்டாத விஷயம். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நம்பிக்கையான ஒருவரிடமோ, டாக்டரிடமோ போய்ப் பேசுங்கள்.